ஒரு கிளிக்கில் ஒரு கண்டம்

வரைபடம் தயாராகாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது. வரைபடமோ ஒருநாளும் தயாராகாது. இந்த இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். டன்ஜன் மாஸ்டர் என்ற பட்டத்தோடு, ஓர் ஆட்டம்கூட நடத்தாமல், ஆயுள் முழுக்க மரியாதையாக இருந்துவிடலாம். கீழே வரும் யோசனைகள் எல்லாம் அதற்குத்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று ஓர் ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருத்தி வில்லேந்திய எல்ஃப், ஒருவன் கோடரி தூக்கிய குள்ளன், ஒருவன் தன் மந்திரம் எப்போது பலிக்கும் என்று தனக்கே தெரியாத மந்திரவாதி. மற்ற அத்தனையும், அதாவது மலை, காடு, சத்திரம், சத்திரக்காரன், அவன் மச்சானைப் பிடித்திருக்கும் பேய் எல்லாம், டன்ஜன் மாஸ்டர் பொறுப்பு. ஆட்டம் முழுக்கப் பேச்சில் நடக்கும். சண்டை வந்தால் இருபது முகப் பகடை உருளும். “கதவைத் திறக்கிறேன்” என்று ஒருவன் சொன்னால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன்னால் யோசிக்க வேண்டும். அந்தத் தொல்லையிலிருந்து விடுவிக்கத்தான் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது.

எடுத்த எடுப்பிலேயே கண்டத்தில் தொடங்குங்கள். ஆட்டக்காரர்கள் முதல் சில மாதங்களுக்கு ஒரு கிராமத்தையும் அதற்குப் பின்னால் இருக்கும் குகையையும் தாண்டமாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இருந்தாலும், ஆயிரம் மைல் மேற்கே எந்த மதம் பரவியிருக்கிறது என்று தெரியாமல் சத்திரக்காரனை எப்படிப் பேசவைப்பீர்கள்? 1974-ல் ஆட்டம் விற்பனைக்கு வந்த பெட்டியில் காட்டுப் பயணத்துக்கென்று சொந்த வரைபடமே கிடையாது. அவலான் ஹில் கம்பெனி 1972-ல் வெளியிட்ட ‘அவுட்டோர் சர்வைவல்’ ஆட்டத்தின் பலகையை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதில் நீர்நிலையாகக் குறித்திருப்பதைக் கோட்டை என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்து ஆட்கள் அப்படியே நினைத்தும் கொண்டார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அஸ்கார் என்ற புனைபெயர்க்காரரின் ஃபேன்டஸி மேப் ஜெனரேட்டர் இருக்கிறது; இலவசம், பிரவுசரிலேயே ஓடும். பக்கத்தைத் திறந்ததுமே, நீங்கள் எதையும் கேட்பதற்கு முன்னால், ஓர் உலகத்தைப் படைத்துத் திரையில் போட்டுவிடும்: கடற்கரை, நாடுகள், எல்லைகள், தலைநகரங்கள், சாலைகள். மெனுவைத் தோண்டினால் கலாசாரங்கள், மாகாணங்கள், ஊருக்கு ஊர் மக்கள்தொகை, நாட்டுக்கு நாடு கேடயச் சின்னம், படைப்பிரிவுகள்கூட. யாரோடு யாருக்குப் பகை, எதற்காகப் பகை என்று உங்களுக்கு ஒன்றும் தெரியாது; ஆனால் படை தயார்.

முதலில் வரும் உலகத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது நன்றாகத்தான் இருக்கும். எல்லாமே நன்றாகத்தான் இருக்கும், ஆபத்தே அதில்தான். வடக்கே ஒரு வளைகுடா அழகாக விழுந்திருக்கும். தெற்கே தீவு இருக்காது. அடுத்ததில் தீவு வரும், வளைகுடா போய்விடும். இரண்டும் சேர்ந்து வரும்வரை பட்டனை அழுத்திக்கொண்டே இருங்கள். வந்ததும் மலைத்தொடர் தப்பான பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். சீட்டாட்டத்தில் பணம் விடுகிறவனுக்காவது வீட்டில் தடுக்க ஆள் உண்டு. உங்களை யாரும் தடுக்கப்போவதில்லை, ஏனென்றால் பார்க்கிறவர்களுக்கு நீங்கள் வேலை செய்வது போலவே தெரியும்.

ஒவ்வொரு வரைபடத்துக்கும் அடியில் ஒரு விதை எண் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மனம்போனபடி ஓர் எண்ணை நினைக்கத் தெரியாது. கொடுத்த எண்ணைப் பெருக்கி, வகுத்து, மீதியை எடுத்து, அதை மறுபடி பெருக்கி, மனம்போனபடி நினைப்பதாக நடிக்கிறது. அதே விதையைப் போட்டால் அதே மலை, அதே கடல், அதே எல்லைத் தகராறு திரும்ப முளைக்கும். 1984-ல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் இந்தத் தந்திரத்தை வைத்துத்தான் ‘எலைட்’ என்ற விண்வெளி ஆட்டத்தில் 8 கேலக்ஸிகளை, ஒவ்வொன்றிலும் 256 நட்சத்திர மண்டலங்களோடு, 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பிபிசி மைக்ரோவுக்குள் அடைத்தார்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. கப்பல் போகப்போகக் கணக்குப் போட்டு எடுத்தார்கள். அப்படி முளைத்த ஒரு கேலக்ஸியில் ஒரு மண்டலத்துக்குச் சபையில் சொல்லக்கூடாத பெயர் வந்து விழ, அந்தக் கேலக்ஸியையே தூக்கிப்போட்டுவிட்டு வேறு விதை போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நீங்கள் அவ்வளவு கறாராக இருக்க வேண்டாம். விதை எண்ணை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் “சூப்பர் வளைகுடா” என்று குறித்துவையுங்கள். அந்த நோட்டை மறுபடி திறக்கும் அவசியம் வராது.

ஆட்டத்தைத் தள்ளிப்போட இதைவிடக் கௌரவமான வழி, கருவி எப்படி வேலை செய்கிறது என்று படிக்க ஆரம்பிப்பது. யாராவது கேட்டால் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம். கடற்கரையிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டன் கடற்கரையின் நீளம் எவ்வளவு என்று 1967-ல் கணிதக்காரர் மாண்டெல்பிராட் கேட்டார். அளக்கும் கோல் சிறிதாக ஆக நீளம் கூடிக்கொண்டே போகும் என்பது விஷயம். வளைவுக்குள் வளைவு, அதற்குள் இன்னொரு வளைவு. மனிதக் கை அதற்குள் அலுத்துவிடும். கம்ப்யூட்டருக்கு அலுப்பு கிடையாது. அப்புறம் கென் பெர்லின். ‘டிரான்’ படத்தில் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டர் வரையும் பரப்புகள் வழவழவென்று பொய்யாக இருப்பது அவருக்கு உறுத்தியது. 1983 வாக்கில் அவர் உருவாக்கிய நாய்ஸ் முறைக்கு 1997-ல் தொழில்நுட்பத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. இன்று திரைகளில் முளைக்கும் ஏகப்பட்ட மலைகள் அவர் வழித்தோன்றல்கள்.

வொரோனாய் முறையையும் விடாதீர்கள். தாளில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை இறைத்து, ஒவ்வொரு புள்ளியும் தனக்கு மிக அருகில் இருக்கும் நிலத்தை வளைத்துப்போட்டுக்கொள்ள விடுவது. யாரும் வழக்குப் போடாத ஒரே நில வளைப்பு இதுதான். கட்டம் கட்டமாக இல்லாமல் கோணல்மாணலான துண்டுகள் கிடைக்கும். துண்டுக்கு ஓர் உயரம், ஒரு மழையளவு. இதை வைத்துத் தீவு செய்வது எப்படி என்று அமித் படேல் 2010-ல் விளக்கமாக எழுதினார். பனியாறுகளை ஆராய்ந்தவரான மார்ட்டின் ஓலியரி 2016-ல் ஆறு, மண்ணரிப்பு என்று இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோனார். இரண்டையும் படித்துவிட்டு, சொந்தமாக ஒரு ஜெனரேட்டர் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள் என்றால் தப்பித்தீர்கள். அதன்பிறகு எந்த ஆட்டமும் உங்களை நெருங்காது.

ஆறுகள் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது ஜெனரேட்டர்களை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். கணக்கு என்னவோ எளிது. ஒரு துண்டில் விழும் மழை, அண்டைத் துண்டுகளில் எது மிகத் தாழ்வோ அங்கே போகும், அங்கிருந்து அடுத்ததற்கு, போகப்போகத் தண்ணீர் சேர்ந்து கோடு தடிக்கும். நடுவில் ஒரு குழி இருந்தால் ஆறு அதில் விழுந்து செத்துப்போகும். நல்ல கருவி குழியை நிரப்பி ஏரியாக்கி, ஒரு பக்கமாக வழியவிடும். சோம்பேறிக் கருவி ஆற்றை மேட்டில் ஏற்றும். அல்லது ஒரே ஆற்றை இரண்டாகப் பிளந்து இரண்டு கடலுக்கு அனுப்பும்.

உங்கள் மேஜையில் பூகோளம் படித்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். “ஆறுங்க சேருமே தவிர பிரியாதே சார்” என்பார். காவிரி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடம் ஆகவில்லையா என்று மடக்குங்கள். அது டெல்டா, சமவெளி, அங்கே பிரியலாம் என்று அவர் சமாளித்தால் தென் அமெரிக்காவுக்குப் போங்கள். ஒரினோகோவிலிருந்து பிரியும் காசிகியாரே, ரியோ நீக்ரோ வழியாக அமேசானில் சேர்கிறது. இரண்டு பெரும் ஆற்றுப் படுகைகளுக்கு நடுவே இயற்கையே வெட்டிவிட்ட வாய்க்கால். ஓர் உலகத்துக்கு இப்படி ஒன்று இருக்கலாம். உங்கள் வரைபடத்தில் எத்தனை இருக்கின்றன என்று அவர் எண்ண ஆரம்பிப்பதற்குள் டீ போட்டுக் கொடுங்கள்.

கையால் வரைந்தவர்களும் யோக்கியம் இல்லை. டோல்கீன் கதையில் வரும் மோர்டார் நாட்டைப் பாருங்கள். வடக்கு, மேற்கு, தெற்கு என்று மூன்று பக்கமும் மலைகள் ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்பி அடைத்து நிற்கின்றன. நிலவியல் படித்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மலை ஏன் அங்கே நிற்கிறது என்று படித்த எல்லோருக்கும் தெரியும். உள்ளே நுழைவது கஷ்டமாக இருக்க வேண்டும், அதற்காக. ஜெனரேட்டர் போட்ட மலை பார்க்க இயல்பாகவே இருக்கும். யாருக்கும் எந்தக் கஷ்டமும் தராது.

டயானா வின் ஜோன்ஸ் 1996-ல் ஃபேன்டஸி நாவல்களைக் கிண்டலடித்து ஒரு சுற்றுலாக் கையேடே எழுதினார். வரைபடத்தில் குறித்திருக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் பயணி போயே தீர வேண்டும் என்பது அதில் வரும் கேலி. மேஜை ஆட்டத்தில் விதி நேர் எதிர். குறித்திருக்கும் எந்த இடத்துக்கும் யாரும் போகமாட்டார்கள்.

வெப்பத்தையும் மழையையும் சேர்த்துப் பார்த்து, இது பாலைவனம், இது புல்வெளி, இது ஊசியிலைக் காடு என்று கருவி வண்ணம் பூசிவிடும். அங்கே என்ன நடக்கும் என்று சொல்லாது. நம் தொல்காப்பியர் நிலத்தைப் பிரித்ததோடு விடாமல், ஒவ்வொன்றுக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருள் வரிசையைச் சொல்லிவிட்டார். டன்ஜன் மாஸ்டருக்கு அதைவிடத் தோதான அட்டவணை கிடையாது. அதை எடுத்துக்கொண்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் இங்கே பரிந்துரைக்கவில்லை.

பெயர்களுக்குக் கவலையே வேண்டாம். ரஷ்யக் கணித மேதை ஆந்த்ரே மார்க்கோவ் 1913-ல் புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ காவியத்திலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிருக்குப் பின் மெய் எத்தனை முறை வருகிறது, மெய்க்குப் பின் உயிர் எத்தனை முறை என்று உட்கார்ந்து எண்ணினார். அந்தக் கணக்குதான் இன்று பூதங்களுக்குப் பெயர் வைக்கிறது. நிஜ ஊர்ப் பெயர்களின் பட்டியலைக் கொடுத்தால், எதற்குப் பின் எது வரும் என்று கற்றுக்கொண்டு, இல்லாத ஊர்களாக அவிழ்த்துவிடும். அஸ்காரின் பட்டியல்களில் ஜெர்மனி, ஜப்பான், எல்ஃப், டிராகன் இவற்றோடு கர்நாடகமும் உண்டு. ஆகவே பனிமலை ஓரத்துப் பிரபுவின் கோட்டைக்கு ஆனேக்கல்லின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பெயர் வந்து விழுந்தால் பதறாதீர்கள்.

அடுத்தது ஊர். வரைபடத்தில் ஓர் ஊரைச் சொடுக்கினால் அஸ்கார் உங்களை வாட்டபௌவிடம் ஒப்படைப்பார். ‘பிக்ஸல் டன்ஜன்’ செய்த ஓலெக் டோல்யாவின் புனைபெயர் அது. அவருடைய மீடீவல் ஃபேன்டஸி சிட்டி ஜெனரேட்டர் மதில், கோட்டை, சதுக்கம், ஆற்றங்கரை, சந்துக்குச் சந்து வீடுகள் என்று முழு ஊரையும் கண் சிமிட்டும் நேரத்தில் கோடு கிழித்துக் காட்டும். அவ்வளவு அழகு. அழகாக இருப்பதாலேயே நண்பர்களிடம் காட்டத் தோன்றும். காட்டாதீர்கள்.

காட்டினால் இதுதான் நடக்கும். குள்ளன் திரையில் விரலை வைத்து, “மதிலை ஒட்டி மூலையில தனியா ஒரு வீடு இருக்கே, அது யாருது?” என்பான். அந்த மூலையில் துண்டு மீந்துபோனதால் கருவி ஒரு வீட்டைப் போட்டுவைத்தது. வேறு காரணம் கிடையாது. மன உறுதி உள்ளவர் “மக்கள்தொகையைப் பாருப்பா, நாலாயிரத்துச் சொச்சம்” என்று பேச்சை மாற்றிவிடுவார். சிலர் பலவீனமானவர்கள். “அதுவா... பழைய வரி வசூல்காரன் வீடு. இப்ப யாரும் அந்தப் பக்கம் போறதில்ல” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவுதான். நாலு பேரும் அந்த வீட்டுக்குள் போய்விடுவார்கள். ராத்திரி பதினொன்றரை வரை வெளியே வரமாட்டார்கள். நீங்கள் மாதக்கணக்கில் பொறுக்கி எடுத்த கண்டமும், அதன் நாடுகளும், படைப்பிரிவுகளும் லேப்டாப்பில் அப்படியே கிடக்கும். குள்ளன் வீட்டுக்குப் போகும்போது “இன்னிக்கு செமயா இருந்துச்சுடா” என்று வேறு சொல்வான்.

நிலவறைக்கு டான்ஜான் என்று ஒரு தளம். நடைபாதை எப்படி வேண்டும் என்று கேட்கும்: புதிர்வழியா, சுற்றித் திரிவதா, நேரா? முட்டுச்சந்துகளை நீக்கட்டுமா என்றும் கேட்கும். ஒன்றைக்கூட நீக்காதீர்கள். முன்னால் போய் முட்டி, திரும்பி வந்து, இன்னொன்றில் முட்டுவதற்குப் பெயர்தான் சாகசம். ஜெனெல் ஜாக்வேஸ் 1979-ல் வரைந்த ‘கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா’வில் வாசல்கள் பல, படிக்கட்டுகள் பல, சுற்றிக்கொண்டு வந்து எதிரியின் முதுகுப் பக்கம் நிற்க வழியும் உண்டு. அந்தக் கெட்ட பழக்கம் நமக்கு வேண்டாம். தேர்ந்தெடுக்க வழி கொடுத்தால் தேர்ந்தெடுக்க உட்கார்ந்துவிடுவார்கள்.

இயற்கைக் குகை வேண்டுமானால் அதற்கும் சூத்திரம் இருக்கிறது. கட்டம் போட்ட தாளில் நூற்றுக்கு 45 கட்டங்களைக் கண்ணை மூடிக்கொண்டு பாறையாக்குங்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள். தன்னையும் சுற்றியுள்ள எட்டையும் சேர்த்த ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ பாறையாக இருந்தால் அது பாறை. இல்லாவிட்டால் வெறும் தரை. நாலைந்து சுற்று இதையே செய்தால் பொடிப்பொடியாகக் கிடந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, நிஜமாகவே தண்ணீர் அரித்த குகை போலத் திரண்டுவரும். எத்தனை தடவை பார்த்தாலும் ஆச்சரியம் குறையாது. எந்தப் பக்கமும் வழியில்லாத தனி அறை ஒன்றும் பெரும்பாலும் கூடவே திரண்டிருக்கும். புதையலை அங்கே வையுங்கள்.

ஆட்டம் எப்படியோ நடந்து, சப்பென்று போய்விட்டால் காரணம் தேட வேண்டாம். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். நீங்கள் கண்டம் கோணல் என்று தாராளமாகச் சொல்லலாம். கூடத்தை இடித்துக் கட்டச் செலவாகும். உங்களுக்கு விதை எண்ணை மாற்றினால் போதும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. ஆட்டக்காரர்கள் வீட்டில் இருக்கும்போது கரண்ட் போய், லேப்டாப்பும் அணைந்துவிட்டால், யாராவது பகடையைக் கையில் எடுக்கும் அபாயம் உண்டு. கைகாக்ஸே இதற்கு வழி செய்துவைத்திருக்கிறார். 1975-ல் வந்த ‘ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’ முதல் இதழில், தனியாக ஆடுகிறவர்களுக்காக, நிலவறையைப் பகடை போட்டே உருவாக்கும் அட்டவணைகளை எழுதினார். 1979-ல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடின் பின்னிணைப்பில் அவை இடம்பிடித்தன. இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 1, 2 விழுந்தால் நேரே போ. 3 முதல் 5 வரை கதவு. 10 வரை பக்கவழி. 13 வரை பாதை திரும்புகிறது. 16 வரை அறை. 17 படிக்கட்டு, 18 முட்டுச்சந்து, 19 பொறி, 20 விழுந்தால் அலைந்து திரியும் பூதம். உலகம் முன்கூட்டியே எங்கும் இருக்காது. ஆட்கள் நடக்க நடக்க, காலுக்கு முன்னால் அறுபது அடி மட்டும் முளைக்கும்.

இதன் கெடுதல் என்னவென்றால், ஒவ்வொரு உருட்டலுக்கும் நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் 18 விழுகிறது. நாலு முகம் உங்களையே பார்க்கும்போது வெறுமனே “சுவர்” என்று சொல்ல வாய் வராது. “சுவர் புதுசா இருக்கு. சுண்ணாம்பு இன்னும் காயல” என்றுவிடுவீர்கள். எல்ஃப் சுவரில் காதை வைப்பாள். மந்திரவாதி, உள்ளேயிருந்து கட்டினதா வெளியேயிருந்து கட்டினதா என்று கேட்பான். உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருக்கும். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஆட்டம் ஆட ஆரம்பிப்பது இப்படித்தான். கரண்ட் வந்தவுடன் பகடையைப் பிடுங்கி உள்ளே வையுங்கள். சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர்கள் விடாமல் கேட்டால், ஜெனரேட்டரில் பார்த்து அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லிவிடுங்கள்.